குளத்துக்கு வான், மோட்டாருக்குத் துளை

2023 நவம்பரில் ஒரு காலை, என் மனைவியின் மின்சார சைக்கிள், வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதித் துண்டான தாம்போதியின் நடுவில் நின்றுவிட்டது. திரையில் வெளிச்சம் இருந்தது, பற்றரி முழுக் கோடும் காட்டியது, மோட்டார் மட்டும் அசையவில்லை. அவர் மூன்று கிலோமீற்றர் சேற்றில் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சேலைக் கரை முழங்கால்வரை செம்மண் நிறம். முன்பள்ளியில் அன்று இருபது பிள்ளைகள் ஆசிரியை இல்லாமல் காத்திருந்தார்கள்.

நாங்கள் முரசுமோட்டையில் இருக்கிறோம். அவருடைய முன்பள்ளி, பரந்தன்–முல்லைத்தீவு வீதியை விட்டிறங்கிக் கண்டாவளைப் பக்கமாக ஏழு கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. முதல் பாதி தார் வீதி, பிறகு கிரவல், கடைசித் துண்டு வயல்களுக்கு நடுவே போகும் களி. இரணைமடுக் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் வான் கதவுகளைத் திறந்தால் தண்ணீர் எங்கள் பக்கமாகத்தான் கடலுக்குப் போகும். 2022இல் பெற்றோலுக்காக வரிசையில் நின்று, கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கிய மாதங்களுக்குப் பிறகுதான் இந்தச் சைக்கிளை வாங்கினோம். 26 அங்குலச் சில்லு, பின் சில்லின் நடுக்குடத்துக்குள் மோட்டார், 48 வோல்ட் லிதியம் பற்றரி. கோடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘மழைக்கு ஒன்றும் செய்யாது’ என்றுதான் விற்றவர் சொன்னார். அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதை இரண்டு மாரிகள் காட்டின. கண்டதையும் செய்ததையும் எழுதுகிறேன். எனக்குத் தொழில் தண்ணீர்ப் பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவது. ஆகவே மோட்டாரைத் திறக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பம்பு ஓரிடத்தில் நிற்பது. இது சேற்றுக்குள் ஓடுவது. அந்த வேறுபாடு பிறகுதான் பிடிபட்டது.

தாம்போதியில் நின்றதற்குக் காரணம் மோட்டாரே அல்ல. பிரேக் பிடித்தவுடன் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கவேண்டும் என்பதற்காக இரண்டு பிரேக் பிடிகளுக்குள்ளும் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் தொட்டால், பிரேக் பிடித்திருப்பதாகக் கொன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, எடுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியின் வலப்பக்கச் சுவிட்சுக்குள் நின்ற சேற்றுத் தண்ணீர் அந்த முனைகளைத் தானே இணைத்துவிட்டது. யாரும் பிரேக்கைத் தொடாமலே வண்டி பிரேக் பிடித்துக்கொண்டு நின்றது.

கண்டுபிடித்த வழி எளிது. பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கி ஒரு கட்டையில் நிறுத்தினேன். இடப் பிரேக்கின் மெல்லிய பிளக்கைக் கழற்றித் திறப்பைப் போட்டு, வேகம் கூட்டும் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தேன், அசைவில்லை. அதை மாட்டிவிட்டு வலப்பக்கத்தைக் கழற்றினேன், சில்லு சுழன்றது. மழையில் திரை எரிந்துகொண்டிருக்க மோட்டார் செத்துப்போனால் முதலில் பார்க்கவேண்டியது இந்த இரண்டு பிளக்குகளைத்தான். கழற்றினாலும் கம்பிப் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். ஆனால் மோட்டார் தானாக நிற்காது என்பதால் முறுக்கிலிருந்து கையை எடுத்த பின்பே பிரேக்கைத் தொடவேண்டும். அப்படியே மெதுவாக வீடு வந்து சேர்ந்து, சுவிட்சைக் காயவைத்து மறுபடி மாட்டிவிடவேண்டும். கழற்றியபடியே நாட்கணக்கில் ஓடுவது கூடாது.

முறுக்குப் பிடிக்குள் தண்ணீர் போவது இதைவிட ஆபத்தானது. அதற்குள் இருக்கும் உணரி, கையை விட்டிருக்கும்போது ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், முழுவதும் முறுக்கினால் நான்கு வோல்ட் அளவிலும் கொன்ட்ரோலருக்குச் சொல்லும். ஈரம் அந்த அளவை மாற்றிவிட்டால், முறுக்காத வண்டி தானே பாயும். அதனால் நனைந்து வந்த வண்டியின் திறப்பை முதலில் போடும்போது பின் சில்லு தூக்கியே இருக்கவேண்டும். இது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். எங்கள் மகளும் திறப்பைத் தொடும் முன் சில்லைப் பார்ப்பாள்.

அடுத்து நான் செய்தது பெரிய பிழை. சுவிட்சைச் சரிசெய்த கையோடு, இனி ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். சிலிக்கன் ரியூப் இரண்டு வாங்கி, மோட்டாரின் இரண்டு மூடிகளின் விளிம்பையும் சுற்றிப் பூசினேன். கம்பி வெளியே வரும் அச்சுத் துளையை அடைத்தேன். கொன்ட்ரோலர்ப் பெட்டியைச் சொப்பிங் பையால் சுற்றி, அதன்மேல் இன்சுலேசன் ரேப் ஒட்டினேன். பிளக்குகள் எல்லாவற்றுக்கும் ரேப். பார்த்தவர்கள் நல்ல வேலை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஐந்து கிழமை கழித்து, 2024 தை பிறந்த கையோடு, மோட்டார் உறுமத் தொடங்கியது. புறப்படும்போது முன்னும் பின்னும் குலுங்கும். ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடும். அயலில் இருக்கும் ஒரு பெரியவர், தன் பம்பை எடுக்க வந்தவர், நான் சிலிக்கனைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுபது வயதுக்கு மேல், காலபோகம் தவறாமல் விதைப்பவர்.

“தம்பி, வான் வைக்காமல் கட்டின குளம் மாதிரி எல்லோ இதைக் கட்டியிருக்கிறீர்” என்றார். “தண்ணீர் வரத்தான் செய்யும். போக வழி வைத்தீரா?”

வைக்கவில்லை. மூடியைக் கழற்றிச் சாய்த்தபோது அரைக் கோப்பைத் தண்ணீர் சிமெந்தில் ஊற்றியது, தேநீர் நிறத்தில்.

எல்லா வாயையும் அடைத்த மோட்டாருக்குள் இவ்வளவு தண்ணீர் எப்படிப் போனது? மோட்டார் ஓடும்போது சூடாகும். உள்ளிருக்கும் காற்று விரியும், விரிந்த காற்று எப்படியாவது வெளியேறும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கும். 60 பாகைச் சூட்டிலிருந்து 27 பாகைக்கு இறங்கும் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப மோட்டார் உறிஞ்சும். பெயரிங் ஓரத்தில் மயிரிழை வழி இருந்தால் போதும். வெளியே தண்ணீர் நின்றால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். கம்பிகளுக்குள்ளும், பிளாஸ்ரிக் உறைக்கும் செம்புக்கும் நடுவே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தண்ணீர் ஊர்ந்து வரும். உள்ளே போனது பிறகு ஆவியாகி வெளியேற முடியாதபடி என்னுடைய சிலிக்கன் காவல் நின்றது. நான் பூசாமல் விட்டிருந்தால் பாதியாவது காய்ந்திருக்கும்.

மோட்டாரைத் திறப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சுற்றியிருக்கும் காந்தங்கள் மிகப் பலமானவை. நடுப்பகுதியைக் கையால் இழுத்து எடுக்கப் பார்த்தால் அது திரும்பப் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். புல்லர் என்ற இழுக்கும் கருவியை வைத்து, அச்சைத் தள்ளியே எடுக்கவேண்டும். மூடியும் குடமும் எந்த இடத்தில் பொருந்தியிருந்தன என்று கழற்றும் முன் ஓர் அடையாளம் குத்திக்கொள்ளுங்கள். மற்றது, மேசையில் இரும்புத் தூள் இருக்கவே கூடாது. காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும் பாடு.

உள்ளே இரும்புத் தகடுகள் முழுவதும் துரு. ஆனால் உறுமலுக்குக் காரணம் துரு அல்ல. காந்தம் எங்கே நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று சிறிய ஹோல் உணரிகள் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி, செய்தி சொல்ல மூன்று கம்பி. ஆக ஐந்து மெல்லிய கம்பிகள். மல்டிமீற்றரை வைத்துச் சில்லை மெதுவாகக் கையால் சுற்றினால், செய்திக் கம்பி ஒவ்வொன்றும் சுழியத்துக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறித் தாவவேண்டும். எங்களுடையதில் ஒன்று அசையவே இல்லை. அதன் காலில் பச்சை பூத்திருந்தது. செம்பும் களிம்பும் என்று சைவ சித்தாந்தத்தில் உயிருக்கும் ஆணவத்துக்கும் உவமை சொல்வார்கள். சிறுவயதில் சமய பாடத்தில் மனனம் செய்தது. அந்தக் களிம்பு எப்படிச் செம்பை உள்ளிருந்தே தின்கிறது என்பதை அன்றுதான் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கால் தொட்டவுடன் ஒடிந்துவிட்டது.

மூன்று உணரிகளையும் சேர்த்தே மாற்றினேன். மற்ற இரண்டும் அதே தண்ணீரைக் குடித்தவை. இன்று ஓடினாலும் அடுத்த மாரிக்கு நிற்காது.

பிறகு கட்டியெழுப்பிய விதம் முழுவதும் அந்தப் பெரியவரின் கேள்வியிலிருந்து வந்தது. தண்ணீர் வரும் என்று ஏற்றுக்கொண்டு, அது தங்காமல் பார்ப்பது.

துருவைச் சுரண்டி, கம்பிச் சுற்றையும் இரும்புத் தகடுகளையும் பம்பு மோட்டாருக்குப் பூசும் அதே காப்பு வார்னிஷால் மெல்லியதாக இரண்டு முறை பூசினேன். காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர்கூட இடைவெளி இல்லை, ஆகவே தடிப்பாகப் பூசினால் உரசும். உணரிக் கால்களுக்கு ஊசிமுனையால் தனியாகத் தொட்டு வைத்தேன். பெயரிங்குகளை இரண்டு பக்கமும் றப்பர் மூடி உள்ளவையாக மாற்றினேன். பிறகு கம்பி வராத பக்கத்து மூடியில், வெளிவிளிம்பை ஒட்டி, எதிரெதிரே மூன்று மில்லிமீற்றரில் இரண்டு துளைகள் போட்டேன். மூடியைத் தனியாகக் கழற்றி வைத்துத்தான் துளைக்கவேண்டும். அலுமினியச் சுருள் உள்ளே விழக்கூடாது. சில்லு ஓடும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் விளிம்புக்கு வீசப்பட்டுத் துளையால் வெளியேறும். நிறுத்தும்போது ஒரு துளை கீழே இருக்கவேண்டும் என்பதற்காக, ரியூப்பின் வால்வு இருக்கும் நேர்கோட்டில் துளைகளை வைத்தேன். ஆகவே மனைவி செய்யவேண்டியது ஒன்றுதான்: வால்வு கீழே வரும்படி சில்லைத் திருப்பிவிட்டு நிறுத்துவது. முன்பள்ளியின் கிடுகுத் தாழ்வாரத்தில் சைக்கிள் நிற்கும் இடத்தில் இப்போது எப்போதும் நாலைந்து சொட்டு ஈரம் இருக்கும். எனக்கு அந்த ஈரத்தைப் பார்க்கப் பிடிக்கும்.

மோட்டாரில் துளை போடுவதா என்று பயப்படுபவர்கள் உண்டு. கடற்கரை ஓரமாக ஓடுபவர்கள் பயப்படத்தான் வேண்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தை மறுபடி இழுக்கும். வட்டுவாகல் பக்கமோ சங்குப்பிட்டிப் பாலத்தாலோ நாள்தோறும் போய்வருபவருக்கு நான் துளை போட்டுக் கொடுக்கமாட்டேன். எங்களுடையது குளத்துத் தண்ணீர், மழைத் தண்ணீர்.

கம்பிகளுக்கு வருவோம். சைக்கிளின் உடம்பில் விழும் மழை, கம்பி வழியே வழிந்து நேரே அச்சுத் துளைக்குள் போகும்படிதான் எங்கள் வண்டி கட்டப்பட்டிருந்தது. அச்சிலிருந்து வெளியே வரும் கம்பியை முதலில் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினேன். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வீட்டுக்கு மின்கம்பி எடுக்கும்போது சுவருக்குள் நுழையும் இடத்தில் செய்வதும் இதுதான். தெரிந்த வித்தையைச் சைக்கிளில் செய்ய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பிளக்குகளில் ஒட்டியிருந்த ரேப் முழுவதையும் உரித்தேன். உள்ளே ஒவ்வொன்றும் ஈரம். இப்போது பெண் பக்கத்துக்குள் சிலிக்கன் கிரீஸ் நிரப்பி, ஆண் பக்கத்தை அழுத்துகிறேன். கிரீஸ் மின்சாரத்தைத் தடுக்குமே என்று கேட்பார்கள். உலோகமும் உலோகமும் அழுந்தும் இடத்தில் அது விலகிவிடும். மிச்ச இடத்தை நிரப்பித் தண்ணீரை வரவிடாது. சில்லுக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அது றப்பரை உப்பவைக்கும். அதன்மேல் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு முழத்துண்டை உறையாகப் போட்டு, மேல்வாயைக் கேபிள் ரையால் இறுக்கி, கீழ்வாயைத் திறந்தே விட்டேன்.

கொன்ட்ரோலர், பின் ரயர் வீசும் சேறு நேரே படும் இடத்தில் இருந்தது. அதைக் கரியருக்குக் கீழே, ஆசனத்தின் பின்னால் உயர்த்தி, கம்பி வாய்கள் நிலத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தேன். மேலே தறப்பாள் துண்டு ஒரு கூரை, பக்கங்கள் திறந்தவை. சொப்பிங் பைக்குள் வைத்திருந்தபோது அது தன் சூட்டிலேயே வியர்த்து, பைக்குள் மழை பெய்திருந்தது.

தூசையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண் பெட்டியில் இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு. ஐபி54 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐபி65 குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி67 ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். எங்கள் கொன்ட்ரோலரில் இருப்பது 54. மழைக்கு அது போதும். தாம்போதிக்கு அது போதாது. புதிதாக இருந்த நாளில் இருந்த தாங்கும் சக்தி, நாலு கோடை வெயிலில் றப்பர் வெடித்த பிறகு இருக்காது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

பற்றரியைப் பற்றி நான் கண்டிப்பானவன். எங்களுடையது பதின்மூன்று கலங்கள் தொடரில் உள்ளது, நிரம்பினால் 54.6 வோல்ட். ஈரமும் நேர்மின்சாரமும் ஒரே இடத்தில் இருந்தால் நேர்முனைப் பக்கத்துச் செம்பு வேகமாக அரிக்கும். ஆகவே வண்டி நனைந்தபடி நிற்கும் நேரமெல்லாம் பற்றரி அதில் இருக்கக்கூடாது. பள்ளிக்குப் போனதும் மனைவி அதைக் கழற்றி உள்ளே எடுத்துவைப்பார். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, காற்றில் ஒரு மணி நேரம் விட்டு, முனைகள் காய்ந்ததைப் பார்த்த பின்பே சார்ஜரில் போடுவோம். படுக்கை அறையில் போடுவதில்லை. வெளி விறாந்தையில், வெறும் சிமெந்தில், மெத்தையோ சாக்கோ அருகில் இல்லாமல். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி கேட்டால் சுவரிலிருந்தே பிளக்கைக் கழற்றிவிடுவோம். பற்றரி அமரும் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கும் ஒரு துளை போட்டேன். பச்சை பிடித்த முனைகளைப் பள்ளிப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும்.

இனி ஓட்டம். இது மனைவியின் பாடம், நான் எழுதிக்கொள்கிறேன். ஒரு சாண் ஆழம்வரைதான் ஓடுவார். 26 அங்குலச் சில்லில் ஒரு சாணுக்கு மேலே போனால் மோட்டாரின் அடிப்பக்கம் நனையத் தொடங்கும். அதற்கு மேல் என்றால் இறங்கி, திறப்பை அணைத்து, தள்ளிக்கொண்டு போவார். ஆழத்தை அறியக் கரையில் ஒரு தடியை முறித்து முன்னே ஊன்றுவார்; நீரோட்டம் இழுத்தால் இறங்கவே மாட்டார், திரும்பிவிடுவார். தாம்போதிக்கு முன்னால் ஒரு மருத மரம் நிற்கிறது. அதன் கீழே பத்து நிமிடம் நிற்பார். சூடான மோட்டார் ஓரளவு ஆறிய பிறகு தண்ணீருக்குள் போனால் அது அவ்வளவாக உறிஞ்சாது. இந்தப் பத்து நிமிடத்துக்காக வீட்டிலிருந்து முன்னதாகப் புறப்படுகிறார்.

களியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எங்கள் வயல் பாதையில் தண்ணீரைவிட அதுதான் மோட்டாரைக் கொல்லும். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே களி அப்பிக்கொண்டால் சில்லு இறுகும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, இன்னும் முறுக்குவார். சுழல முடியாத மோட்டார் மின்சாரத்தை முழுவதும் சூடாக மாற்றும். கம்பிச் சுற்றின் காப்புக் கருகும். கருகிய பம்பு மோட்டார்களின் மணம் எனக்குத் தெரியும், அந்த மணத்தை இந்தச் சைக்கிளில் ஒரு நாள் பிடித்தேன். மட்காட் இரண்டையும் மூன்று விரல் இடைவெளிக்கு உயர்த்தி, உயர்த்தியதால் தெறிக்கும் சேற்றுக்குப் பழைய லொறி ரியூப்பில் ஒரு நீண்ட வால் வெட்டிப் பூட்டினேன். களிப் பாதையில் மோட்டாரை நம்பாமல் மிதிக்கவேண்டும். ரயர்க் காற்றைப் பத்து இறாத்தல் குறைத்தால் பிடிமானம் கூடும். பிரேக் கட்டை ஈரத்தில் உடனே பிடிக்காது. முதல் சுற்றில் தண்ணீரைத் துடைத்து, அடுத்த சுற்றில்தான் நிறுத்தும். மாடுகள் படுத்திருக்கும் வீதியில் அதை மனதில் வைத்தே வேகம்.

கழுவுவது வாளித் தண்ணீரும் துணியும்தான். பரந்தனில் மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்து அழுத்தக் குழாயின் முன்னால் இந்தச் சைக்கிளை நிறுத்தவே கூடாது. ஒரு மாரி முழுவதும் போகாத தண்ணீரை அது ஒரு நிமிடத்தில் பெயரிங்குக்குள் ஏற்றிவிடும்.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. இரவு இரண்டு மணிக்கு முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். முதலில் மகளின் புத்தகங்கள், பிறகு பற்றரி, இரண்டும் பரணுக்குப் போயின. சைக்கிளை மேசைமேல் ஏற்றிக் கட்டினோம். அயலில் ஒரு வீட்டில் பற்றரி வண்டியிலேயே இருந்து முழுவதும் மூழ்கிவிட்டது. வெயில் வந்ததும் காயவைத்து சார்ஜ் போடலாமா என்று அந்தத் தம்பி கேட்டு வந்தான். வேண்டவே வேண்டாம் என்று மறித்தேன். மூழ்கிய லிதியம் பற்றரி வெளியே காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும், நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கும். வீட்டிலிருந்து தள்ளி, வேலிக்கு அப்பால், திறந்த வெளியில் ஒரு மண் தட்டில் வைக்கச் சொன்னேன். அந்தப் பற்றரிக்கு அவன் கொடுத்த பணம் எவ்வளவு உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

இந்த முறை தைப்பொங்கல் முடிந்த மறுநாள் மோட்டாரைத் திறந்தேன். ஒரு தேக்கரண்டி செம்மண் வண்டல் விளிம்பில் படிந்திருந்தது. தண்ணீர் இல்லை. வார்னிஷ் இரண்டு இடத்தில் உரிந்து, அங்கே மட்டும் துரு. உணரிக் கால்கள் வெள்ளியாகவே இருந்தன. வண்டல் ஒரு துளையைப் பாதி அடைத்திருந்தது, ஆகவே அடுத்த மாரிக்கு மூன்றை நான்கு மில்லிமீற்றராக்கப் போகிறேன். திரைக்குள் மட்டும் இன்னும் பனி படிகிறது. காலையில் வேகம் தெரியவில்லை என்று மனைவி சொல்கிறார். அதைத் திறக்கும் திருகு எனக்குக் கிடைத்த எந்த முனைக்கும் பொருந்தவில்லை. கிளிநொச்சிக்குப் போகும்போது தேடவேண்டும்.